குஞ்சிதபாதத்தின் புதர்

ஐப்பசி பிறந்து மழை இறங்கி, வாய்க்கால் தண்ணீர் வாசற்படி ஏறி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் தனகோட்டியின் வாயில் முதலில் வரும் பேர் குஞ்சிதபாதம்தான். மழையைத் திட்டமாட்டான். வாய்க்காலைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று சொல்லிப் பாதியில் விட்டுப் போகிற காண்ட்ராக்டரைக்கூட இரண்டாவதாகத்தான் திட்டுவான். முதல் வசவு குஞ்சிதபாதத்துக்கு. ஆள் மண்ணுக்குள் போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் என்ன? தனகோட்டி விடுகிற ஆள் இல்லை.

"செத்தும் ஊருக்கு எடஞ்சல் குடுக்கிற ஒரே ஆளு எங்க மாமாதான்!" என்று முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்துவான்.

பெஞ்சின் மேல் அரிசி மூட்டையை ஏற்ற முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் அவன் பெண்டாட்டி மாணிக்கம்மாள், "கத்துனது போதும், இந்தப் பக்கம் வந்து ஒரு கை புடி" என்பாள்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. டவுன்ஷிப் பிளாக்குகளின் மழைத் தண்ணீரும், சுரங்கத்திலிருந்து இறைக்கிற தண்ணீரும் சேர்ந்து வருகிற அந்த வாய்க்கால், காலனியின் முதுகுப்பக்கமாக ஓடி, சுடுகாட்டுப் பாதைக்கு அடியில் போட்டிருக்கும் சிமெண்டுக் குழாய்களுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வயல்காட்டுக்குப் போகிறது. குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குத் திரும்பி வர ஒரே வழி காலனிதான். காலனியில் முதல் வரிசை, முதல் வீடு தனகோட்டியுடையது. அந்தக் குழாயின் வாய்க்கு நேர் மேலே, கரையில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு காட்டாமணக்குப் புதர். அது நிற்கிற இடம் குஞ்சிதபாதத்தின் குழிமேடு. காற்றடித்தால் கிளை ஒடிந்து வாய்க்காலில் விழும். விழுந்த கிளை சேற்றில் வேர்விடும். வேர்விட்ட கிளையில் ஆகாயத்தாமரை வந்து சிக்கிக்கொள்ளும். அப்புறம் பாலிதீன் பை, பழைய செருப்பு, செத்த கோழி. குழாய் அடைத்துவிடும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு என்பது அந்தச் செடிக்கு ஊர் உலகமெல்லாம் வழங்குகிற பேர். எவன் எந்தக் காலத்தில் வைத்தானோ. தனகோட்டி ஒருமுறை மன்னார்குடிப் பக்கம் கல்யாணத்துக்குப் போனபோது, அங்கே ஒரு பெரியவர் குளத்தைக் காட்டி, "பாருங்க, உங்க ஊர்ச் செடி எங்க ஊர்க் குளத்தையே தின்னுட்டுது" என்றார். சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து வந்தவன் அவன். வேறே எத்தனையோ இருக்கிறது இந்த ஊரில் பேர் சொல்ல. ஊர் உலகத்துக்கே கரண்டு போகிறது இங்கிருந்து. அதையெல்லாம் விட்டுவிட்டு ஊர்ப் பேரை ஒட்டவைத்தது இந்தப் பாழாய்ப்போன செடிக்கு.

அது கிடக்கட்டும். அவனுடைய உண்மையான கோபம் செடி மேலேயும் இல்லை, செத்தவன் மேலேயும் இல்லை. சாமியம்மாள் மேல்தான். குஞ்சிதபாதத்தின் பெண்டாட்டி, அவனுக்கு அக்கா முறை. வாய்க்கால் வேலைக் கும்பலின் மேஸ்திரி. ஊரிலிருக்கிற காட்டாமணக்கையெல்லாம் வேரோடு பிடுங்கச் சொல்லி எல்லாருடைய இடுப்பையும் ஒடித்தவள், தன் புருஷன் தலைமாட்டில் நிற்கிற ஒரு புதரை மட்டும் தொடவிடமாட்டேன் என்று நின்றாளே, அந்தக் கோபம்.

*

சாமியம்மாள் சின்ன வயதில் நாற்று நட்டவள். மற்றவர் நிலம்தான். அவளுக்கோ அவள் அப்பனுக்கோ ஒரு அடி மண் சொந்தமாக இருந்ததில்லை. நிலமெல்லாம் சுரங்கத்துக்குப் போனபோது, நிலம் வைத்திருந்தவன் நஷ்டஈட்டைப் பற்றிப் பேசினான். நட்டவளுக்கும் அறுத்தவளுக்கும் பேச என்ன இருக்கிறது? குடிசையைப் பிரித்துக்கொண்டு காலனிக்கு வந்தார்கள். குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தாள், சித்தாள் வேலை பார்த்தாள், முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கினாள். எழில்மதி என்று ஒரே பெண். அவளைப் பண்ருட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்தாள்.

குஞ்சிதபாதம் கரி லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. வாய் திறந்து நல்லதாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர், அவ்வளவுதான். நெஞ்சுச் சளியில் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

அந்தக் காலனியில் ஆளைப் புதைத்தால் நாயும் பன்றியும் மண்ணைக் கிளறாமல் இருக்கக் குழிமேட்டைச் சுற்றிக் குச்சி நட்டு, குறுக்கே முள்ளைக் கட்டுவது வழக்கம். குச்சிக்கு எங்கே போவது? கரையில் கைநீட்டினால் காட்டாமணக்கு. நேராக இருக்கும், மண்ணில் சுலபமாக இறங்கும். எல்லாக் குழிக்கும் அதைத்தான் நட்டார்கள். மற்றக் குழிகள் மேட்டில் இருந்ததால் குச்சிகள் வெயிலில் காய்ந்துபோயின. குஞ்சிதபாதத்துக்கு மட்டும் மேட்டில் இடம் இல்லாமல் வாய்க்கால் ஓரமாக வைத்தார்கள். ஈரமண். கருமாதியன்றைக்குப் பால் தெளிக்கப் போனால், அத்தனை குச்சியும் தளிர்விட்டிருக்கிறது.

பார்த்தவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "மனுசன் மனக்கொறை இல்லாம போயிருக்காருடி. பச்சையா நிக்கிறாரு பாரு" என்று சாமியம்மாளின் தோளைத் தொட்டுச் சொன்னார்கள். அவள் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து குச்சிகளின் அடியில் ஊற்றினாள்.

ஆடியில் பூத்தது. கையகல ஊதாப் பூ, கொத்துக் கொத்தாக. பார்க்கப் போனவர்களிடம் சாமியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "உசுரோட இருக்கச்சொல்ல ஒரு முழம் பூ வாங்கித் தரலை இந்தாளு. இப்ப பூத்துக்கினு நிக்கிறாரு."

அந்தச் செடிதான் குழாயை அடைத்தது.

*

வாய்க்கால் சுத்தம் பண்ணும் வேலை காண்ட்ராக்டில் வந்தபோது காலனியின் பெண்கள் ஏழெட்டுப் பேரும், கடப்பாறை பிடிக்கத் தனகோட்டி மாதிரி இரண்டு மூன்று ஆண்களும் சேர்ந்தார்கள். முதல் வருஷம் சொன்னபடி வெட்டினார்கள். கொடுவாளால் அடியில் ஒரு போடு, வெட்டியதைக் கரையில் தூக்கிப் போடு, அடுத்தது. கரை நெடுகத் தழை மலை மாதிரி கிடந்தது. ஒரு மழை பெய்தது. வெட்டின கட்டை தண்ணீருக்குள் துளிர்த்தது, வெட்டிப் போட்ட கிளை கரையில் வேர்விட்டது. முன்னே வாய்க்காலுக்குள் மட்டும் இருந்த காடு இப்போது கரையிலும் சேர்ந்து நின்றது.

அன்றைக்கு ஒரே பிடியாக நின்றாள் சாமியம்மாள். அதற்கு மறுவருஷத்திலிருந்து வெட்டக்கூடாது, பிடுங்க வேண்டும். கடப்பாறையை அடியில் விட்டு நெம்பி, வேரோடு எடுக்க வேண்டும். எடுத்ததைக் கரையில் போடக்கூடாது. தார்ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் பரப்ப வேண்டும். லாரிச் சக்கரம் ஏறி நசுங்கி, வெயிலில் சுக்காய்க் காய்ந்த பிறகு கொளுத்த வேண்டும். பால் பட்டு எல்லார் கையும் அரித்தது. பெண்கள் முனகினார்கள். அவள் எவள் முனகலையும் காதில் வாங்கவில்லை.

காண்ட்ராக்டருக்கு சூப்பர்வைசராக இருந்தவன் மாடசாமி. அவன் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆகி ரிட்டயரும் ஆனவர். மாடசாமி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தும் பெர்மனென்ட் கிடைக்காமல் காண்ட்ராக்டர்களுக்குப் பின்னால் பைக்கில் சுற்றுகிறவன். கெட்டிக்காரன். செல்போனைக் கையிலிருந்து இறக்கமாட்டான்.

"யக்கா, எதுக்கு இந்தப் பாடு படுதிய? வெட்டுறதுதான் வேலை. வேர எடுக்கணும்னு எஸ்டிமேட்ல இல்ல" என்றான் ஒருநாள்.

"வேர எடுக்காம வெட்டுனா மறுபடியும் வருமா, வராதா?"

"வரும்."

"அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்ன? எல்லாருக்குந்தான் தெரியும். வேலைக்கு முன்னால ஒரு போட்டோ, வேலைக்குப் பின்னால ஒரு போட்டோ. அத அனுப்புனா சோலி முடிஞ்சிது. போட்டோவுல வேர் தெரியாதுக்கா."

"அப்டியா? ஐப்பசில தனகோட்டி வூட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கும். அப்ப வந்து ஒரு போட்டோ எடு. அத்தையும் அனுப்பு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாடசாமி பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். தனகோட்டிக்கு அன்றைக்கு அவள் மேல் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் அவனை மேலும் எரியவைத்தது. இவ்வளவு தெரிந்த பொம்பளை, அந்த ஒரு புதரை மட்டும் ஏன் விட்டுவைக்கிறாள்?

கும்பலுக்குள்ளேயும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிவிட்டால் அடுத்த வருஷம் வேலைக்கு எங்கே போவது? மாணிக்கம்மாளே ஒருநாள் சாப்பிடும்போது கேட்டுவிட்டாள்.

"நாமளே நம்ம வேலைய புடுங்கி ரோட்டுல காயவைக்கிறோம்க்கா. நாலு வேர உட்டு வச்சா இன்னா?"

சாமியம்மாள் சோற்றை உருட்டியபடியே பார்த்தாள். "உன் வூட்டுக்குள்ளதான்டி தண்ணி வருது. உன் அரிசிதான்டி மொளைக்குது. நீயே கேக்கிறியா இத்த?"

"கேட்டா இன்னா? தண்ணி நாலு நாளைக்கு. வயிறு வருஷம் பூரா."

"வேலை வேணும்னா ஆகாயத்தாமரை இருக்குது. பத்து தலைமொறைக்கு அள்ளுனாலும் தீராது. கவலப்படாம தின்னு."

அப்போதுதான் தனகோட்டி வாயைத் திறந்தான். "எல்லாம் சரிக்கா. நாலு வேர உட்டா தப்பு. மாமாவ மட்டும் முழுசா உட்டு வச்சிருக்கியே, அது இன்னா கணக்கு?"

சாமியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, கடப்பாறையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிவிட்டாள்.

*

போன வருஷத்து மழையில்தான் அது முற்றியது. கார்த்திகை. விடியும்போதே வீட்டுக்குள் கட்டில் கால் முங்கிவிட்டது. வாய்க்கால் நெடுகச் சுத்தமாக இருந்தது. கும்பல் பிடுங்கின பிடுங்கில் ஒரு காட்டாமணக்கு இல்லை. அப்படியிருந்தும் தண்ணீர். தனகோட்டி கடப்பாறையோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்து குழாய்க்குப் போனான். போய்ப் பார்த்தால், புயல் காற்றில் குஞ்சிதபாதத்தின் புதரில் பாதி சாய்ந்து குழாய் வாயில் தொப்பென்று உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் ஆகாயத்தாமரை ஒரு பாய் மாதிரி.

கும்பலாகச் சேர்ந்து இழுத்து எடுக்க மதியம் ஆயிற்று. மாணிக்கம்மாளின் பால் ஆடு, அவிழ்த்துவிட்ட பசியில் அந்தத் தழையைத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டி ஆட்டி விழுந்து, சாயங்காலத்துக்குள் செத்துப்போனது. அவ்வளவுதான். தனகோட்டி மறுபடி கடப்பாறையைத் தூக்கினான்.

அவன் சுடுகாட்டை எட்டுவதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சாமியம்மாள் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடிவந்து குழிமேட்டின் முன்னால் நின்றாள். தலைமயிர் அவிழ்ந்து முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"எங்கடா வந்த?"

"தள்ளுக்கா. இன்னிக்கி மாமாவா நானான்னு பாத்துடுறேன்."

"குழிமேட்ட நோண்டுவியா? அவ்ளோ பெரிய ஆளா நீ?"

"எங்கூட்டுல பூந்து பாரு வந்து! அடுப்பு மெதக்குது. ஆடு செத்துக் கெடக்குது. மாணிக்கம் தலையில அடிச்சிக்கினு ஒக்காந்துகினு இருக்கா. ஊர் வேரெல்லாம் புடுங்கத் தெரிஞ்சவளுக்கு இது ஒண்ணு தெரியல?"

"தெரியும்டா."

"தெரிஞ்சா தள்ளு."

"தெரிஞ்சிதான் நிக்கிறேன்" என்றாள். குரல் இறங்கவில்லை. "அந்தாளு நெஞ்சுலதான்டா அது வேரு உட்டிருக்குது. நீ நெம்பச்சொல்ல இன்னா வரும் கடப்பாறையில? யோசிச்சியா? என் கண்ணு எதுர அத்த எடுப்பியா நீ?"

தனகோட்டிக்கு அது தோன்றியிருக்கவில்லை. தோன்றாததை ஒத்துக்கொள்கிற புத்தியும் அப்போது இல்லை. "மேல வெட்டுறேன், அப்ப" என்றான்.

"வெட்டுனா பத்தாத் துளிர்க்கும். வெட்றதுக்கு நான் உன்னப் பழக்கலை."

அந்த நேரத்திலும் அப்படித்தான் பேசினாள். தனகோட்டி கடப்பாறையை ஓங்கித் தரையில் குத்தினான். சேற்றில் அது பாதி இறங்கி நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு, "இனிமேப்பட்டு உன் மூஞ்சில முழிக்கிறது இல்ல" என்று கத்திவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அந்தக் கடப்பாறை கழுவித் துடைத்து அவன் வாசலில் சாத்தியிருந்தது. பக்கத்தில் மாணிக்கம்மாளுக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டி கட்டியிருந்தது. தனகோட்டி கடப்பாறையை எடுத்துக்கொண்டான். குட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். மாணிக்கம்மாள், "உன் கோவத்துல பால் கறக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் குட்டியை உள்ளே ஓட்டினாள்.

*

அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. ஒரே கும்பலில், ஒரே வாய்க்காலில், ஒரே சேற்றில் நின்றுகொண்டு பேசாமலிருப்பது எப்படி? செடியிடம் பேசிக்கொண்டார்கள்.

"இந்த வேரு பாதியில அறுந்து கெடக்குது. கண்ணு தெரியாதவன் நெம்புனது போல" என்று சாமியம்மாள் காட்டாமணக்கைப் பார்த்துச் சொல்வாள்.

"எல்லா வேரும் ஒண்ணு இல்ல. சில வேர கும்புட்டுக்கினு இருப்பாங்க" என்று தனகோட்டி கடப்பாறையிடம் சொல்வான்.

கும்பல் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கும்.

இந்த வருஷம் ஆவணியில் மாடசாமி பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்தினான். இனி ஆள் வேலை கிடையாதாம். மெஷின் ஒரே நாளில் முடித்துவிடுமாம். ஆகாயத்தாமரை கொஞ்சம் அள்ளிப் போட மட்டும் நாலு பேர் போதுமாம். சாமியம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"தம்பி, மெஷின் வேர எடுக்காது. பிச்சிப் பிச்சிப் போடும். ஒவ்வொரு துண்டும் மொளைக்கும்."

"மெஷின் அள்ளுனா எல்லாம் வந்துரும்க்கா. வழிய விடுங்க."

"அந்தச் சுடுகாட்டு ஓரத்துல மட்டும் கை வைக்காதீங்க. அங்க ஒரு புதரு..."

"எல்லாம் ஆபரேட்டர்ட்ட சொல்லியாச்சி."

சொல்லவில்லை. ஆபரேட்டர் வெளியூர்க்காரன். சுடுகாட்டு முனையிலிருந்து ஆரம்பித்தான். வாளியை ஒரு வீச்சு வீசினான். குஞ்சிதபாதத்தின் புதரில் வாய்க்கால் பக்கத்துப் பாதி அப்படியே வாளிக்குள் வந்தது. அதைக் கொட்ட லாரி நிற்பது தார்ரோட்டில். அதனால் வாளியை வாய்க்காலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு, காலனிக்குப் பின்னால் வழி நெடுகத் துண்டு துண்டாகச் சிந்திக்கொண்டே போனான். போகிற வழியில் ஆகாயத்தாமரையை அமுக்கி மண்ணோடு மண்ணாக்கினான். சாயங்காலம் மாடசாமி வந்து போட்டோ எடுத்தான். வாய்க்கால் பளபளவென்று இருந்தது. தண்ணீரில் வானம் தெரிந்தது. அவ்வளவு நல்ல போட்டோ அதற்கு முன் எவனும் எடுத்திருக்கமாட்டான்.

சாமியம்மாள் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தனகோட்டியும் பார்த்தான். இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் கும்பலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மாடசாமிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறவனிடம் என்ன சொல்ல முடியும்? தெரியாதவனுக்காவது சொல்லிக் கொடுக்கலாம்.

பௌர்ணமி போய் அமாவாசை வருவதற்குள் வாய்க்கால் நெடுகத் தளிர் கிளம்பியது. இத்தனை வருஷம் இடுப்பொடிந்து பிடுங்கின இடம் முழுக்க, இரண்டு கரையிலும், வரிசையாக, நட்டு வைத்த மாதிரி.

சாமியம்மாள் யாரையும் கூப்பிடவில்லை. வேலையும் இல்லை, கூலியும் இல்லை. தனியாக இறங்கிக் கையால் பிடுங்கினாள். தினமும். மெஷின் பிய்த்த கட்டைகள் சேற்றுக்குள் ஈட்டி மாதிரி நின்றன. ஒன்று அவள் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரை உடம்பு, கால் மரத்துப்போனது, அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் காலைக் கழுவும்போது மாணிக்கம்மாள்தான் பார்த்துக் கத்தினாள். மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு மறுநாளும் இறங்கினாள். அதற்கு அடுத்த நாளும். கால் முழங்கால் வரைக்கும் வீங்கிக் கருத்த பிறகுதான் விழுந்தாள். எழில்மதி பண்ருட்டியிலிருந்து ஓடிவந்து, கடலூருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"போய்ப் பாரு" என்றாள் மாணிக்கம்மாள்.

"நான் எதுக்கு? பேச்சு இல்ல."

"பேசாமப் போய்ப் பாரு. பாக்கிறதுக்கு இன்னாத்துக்குப் பேச்சு?"

தனகோட்டி இரண்டு நாள் முரண்டு பிடித்தான். மூன்றாவது நாள் பஸ் ஏறினான். போகிற வழியெல்லாம் மாடசாமியைத் திட்டிக்கொண்டு போனான், காண்ட்ராக்டரைத் திட்டினான், பொக்லைன்காரனைத் திட்டினான், பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து வேறு இடம் போகும்வரை திட்டினான். அவளைத் திட்டிப் பார்த்தான். வரவில்லை.

*

கட்டிலில் கிடந்தவளைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கால் கட்டுக்குள் தலையணை மாதிரி இருந்தது. எழில்மதி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்திரிக் கொட்டைப் பால் பட்டுக் கருகின விரல்களால் அம்மாவின் நல்ல காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா" என்று எழுந்து, டீ வாங்கி வருவதாகச் சொல்லிச் சொம்போடு வெளியே போனாள்.

தனகோட்டி நின்றுகொண்டே இருந்தான். சாமியம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கட்டில்கிட்டதான் பேசுவியா, என்னாண்ட பேசுவியா?"

அவனுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டான். "அறிவு இருக்குதா உனக்கு? ஒத்தையில எறங்குவியா? எங்கள்ல எவனும் செத்துட்டமா? ஒரு சத்தம் குடுத்தா இன்னா?"

"நீதான் மூஞ்சில முழிக்கிறதில்லைன்னியே."

"மூஞ்சில முழிக்காமயே நெம்பியிருப்பேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தான்.

"காலு எடுக்கணும்ங்கிறாங்க. எடுத்தாலும் தேறுறது கஷ்டம்னு எழிலுகிட்ட சொல்லிகினு இருந்தாங்க. தூங்குறேன்னு நெனச்சிக்கினாங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது."

"பொய் சொல்லாத. உனக்கு வராது அது." மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்துச் சொன்னாள். "தனகோட்டி, அந்தாளு எனக்காகப் பூத்தாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. பதினஞ்சு வருஷமா. வெளிய சொன்னா சிரிப்பானுங்கன்னு சொல்லலை. இப்ப பாரு, வாய்க்கால் பூராவும் அவருதான். என்னைத் தொடப்பக்கட்டையால அடிக்கிறாப்புல மொளைச்சிக்கினு நிக்கிறாரு. உன் வூட்டுக்குப் பின்னாடியும் நிக்கிறாரு."

"நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ சொல்லலை. கடப்பாறைய தூக்கிக்கினு வந்த."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவளே தொடர்ந்தாள்.

"வாய்க்கால்ல மொளைச்சத மாணிக்கமும் மத்தவளுங்களும் புடுங்கிடுவாளுங்க, கூலி இல்லாட்டியும். உனக்கு அது வேணாம். நீ இன்னும் பாதி நிக்குது பாரு, குழிமேட்டுல, அத்த எடு. நான் போனா எங்க வைப்பாங்க என்னை? அங்கதான். எடம் பூராவும் அந்தாளே அடைச்சிக்கினு நின்னா நான் எங்கடா படுக்கிறது?"

தனகோட்டி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வெளியே எழில்மதி டீயோடு வருகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம் அவளை அவன் உயிரோடு பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் குரல் வாய்க்கால் கரையில் நின்று கும்பலை விரட்டுகிற அதே குரல்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மழைக்கு முன்னாடி முடி. வெட்டாத, கேட்டியா, வெட்டாத. நல்லா அடியில உட்டு நெம்பு. எலும்பு தட்டுப்பட்டா மண்ணப் போட்டு மூடிட்டுப் பக்கத்துல நெம்பு, பயப்படாத, ஒங்க மாமாதான். ஒரு துண்டு தண்ணியில உழக்கூடாது. அவ்ளோத்தையும் தார்ரோட்டுக்கு இழுத்தாந்து போடு, லாரி ஏறட்டும். காஞ்சதும் நீயே கொளுத்து. அந்த மாடசாமி போட்டோ எடுக்க வந்தான்னா, செருப்பால அடி."